அழகக்கோனார் குலமரபும் வத்தளையும்

களனி கங்கையின் வடகரையிலுள்ள வத்தளை, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் பாசறைகளுள் ஒன்றாக விளங்கிற்று. கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களிலும் அவனது படைகள் நிலைகொண்டிருந்தன. இவற்றை அழித்து, ஜயவர்த்தனபுரக் கோட்டையை எழுப்பியவர் நிஸ்ஸங்க அழகக்கோனார் எனச் சிங்கள நூல்கள் கூறுகின்றன. தமிழரசனை எதிர்த்த இத்தலைவரின் முன்னோர் யாவர் என்பதே நாம் ஈண்டு நோக்கும் வினாவாகும்.

ஆற்றின் மறுகரையிலே கிடைத்த 1344ஆம் ஆண்டுக்குரிய கித்சிறிமேவன் களனிச் சாசனம் இக்குடும்பத்தை வஞ்சி நகருடன் தொடர்புபடுத்துகின்றது. அவ்வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. எனினும் தென்னிந்தியப் பூர்வீகம் பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. சிங்கள நூலான நிகாய சங்கிரகம் இவர்களைக் கிரி வம்சத்தவர் என்கின்றது.

பெயரும் ஒரு சான்றாகும். 'கோன்' என்னும் சொல்லும் 'ஆர்' என்னும் மரியாதை விகுதியும் தமிழ், மலையாள மரபுக்குரியன. 'கோன்' தலைவனையும் ஆயனையும் குறிக்குமாதலின், அதனைக்கொண்டு சாதியை நிறுவ முயல்தல் பொருந்தாது. பின்னர் இப்பெயர் 'அளகேஸ்வர' என வடமொழி வடிவம் பெற்றது. அளகாபுரியின் தலைவன் குபேரன். வணிகச் செல்வத்தால் உயர்ந்த குடும்பத்திற்கு இப்பெயர் மாற்றம் வெறும் ஒலி ஒப்புமை மட்டுமன்று எனக் கருத இடமுண்டு.

புதிதாக உயர்ந்தோர் பழங்குலப் பெருமை நாடுதல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் எளிய உழவர் வழிவந்த பாஸ்டன் குடும்பத்தினர், தாம் தொன்மையான உயர்குடியினர் என்பதற்கு 1466இல் அரசனின் ஏற்பைப் பெற்றனர்.

1411இல் சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ, வீர அளகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு சென்றான். பேரரசன் அவனை மன்னித்து விடுவித்தபோதும், இக்குடும்பத்தின் ஆதிக்கம் மீளவில்லை. ஆறாம் பராக்கிரமபாகுவின் காலம் தொடங்கிற்று.

தென்னிந்திய வழியினர் ஒருவர் பௌத்த விகாரையைப் பேணினார். சிங்கள அரசின் அமைச்சரானார். தமிழரசனின் படையை முறியடித்தார். வத்தளைப் போரை இருபதாம் நூற்றாண்டின் இனப்பகைக்கு முன்னோடியாகக் காட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அப்போர் துறைமுகங்களுக்கும் வரிக்குமான போட்டியாகும். குலமரபு ஆராய்ச்சியின் பயன் தூய குருதியைக் கண்டறிவதன்று. அத்தகைய தூய்மை என்றும் இருந்ததில்லை என்பதை உணர்த்துவதேயாம்.