பான்கேக்கும் அடிமையில்லாச் சர்க்கரையும்

சத்தான காலை உணவு என்று இப்போது பலரும் சிபாரிசு செய்யும் பலகாரம் பழ பான்கேக். செய்முறை சுலபம். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து, முட்டையும் ஓட்ஸ் மாவும் சேர்த்துக் கரைத்து, தோசைக்கல்லில் சின்னச் சின்னதாக ஊற்றி, மேலே நாலு புளூபெர்ரி தூவித் திருப்பி எடுத்தால் முடிந்தது. சர்க்கரை மட்டும் கூடாது. பதிலுக்குத் தேனோ மேப்பிள் பாகோ ஊற்றிக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டால், "உடம்புக்கு நல்லது" என்பார்கள்.

கரும்புச் சர்க்கரைக்குப் பதில் மேப்பிள் என்ற இந்தப் பேச்சு புதிதல்ல. 1790களிலேயே அமெரிக்காவில் பலமாக எழுந்த பேச்சுதான். ஆனால் அப்போது முதலில் சொல்லப்பட்ட காரணம் உடம்பு அல்ல, மனசாட்சி!

மரம் தந்த சர்க்கரை

வட அமெரிக்காவின் பூர்வகுடிகளுக்குப் பழம் சேர்த்த அடை பழக்கமானதுதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹூரான் மக்களோடு ஒரு குளிர்காலம் தங்கிய பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன், அவர்கள் மக்காச்சோள மாவில் பீன்ஸும், சில சமயம் உலர்ந்த புளூபெர்ரியும் கலந்து ரொட்டி சுட்டதை எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நிலத்தின் இனிப்பு மேப்பிள் மரத்திலிருந்து வந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில் இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக இருக்கும் சில வாரங்களில் மட்டுமே மரத்தில் சாறு ஓடும். பட்டையில் துளையிட்டு அதைச் சேகரிக்க வேண்டும். நம்மூரில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பது போலத்தான், ஆனால் பொறுமை இன்னும் அதிகம் தேவை. ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் சாறு வேண்டும். அதையும் வற்றக் காய்ச்சினால் சர்க்கரைக் கட்டி. அனிஷினாபே, இரோக்வா போன்ற மக்களிடமிருந்துதான் வெள்ளையர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

சர்க்கரையில் ரத்தம்

அதே காலத்தில் கடைகளில் விற்ற கரும்புச் சர்க்கரையில் பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினார்கள், ஆலையில் அரைத்தார்கள், கொப்பரைகளில் காய்ச்சினார்கள், இளவயதிலேயே செத்தும் போனார்கள்.

1791ல் லண்டனில் வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதங்கள் அதை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அடிமை முறையை உயிரோடு வைத்திருப்பது கப்பல் முதலாளி மட்டுமல்ல, கடையில் சர்க்கரை கேட்கும் வாடிக்கையாளரும்தான் என்று அவர் சொன்னது பலரைச் சுட்டது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் இதில் முன்னால் நின்றார்கள். சமையலறையில் அவர்கள் சொல் செல்லுபடியானது.

பிற்பாடு, 1820களில் இந்த இயக்கம் மறுபடி எழுந்தபோது சிலர் இந்தியச் சர்க்கரைக்கு மாறினார்கள். அது அடிமைகள் கைபடாதது என்று பெருமையாக எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள்கூட விற்றன. ஆனால் இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் நீங்கியது 1843ல்தான்!

மேப்பிள் கனவு

அமெரிக்காவில் இதற்கு மாற்றாக மேப்பிளை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ். பூச்சிகள் இல்லாத பருவத்தில் தயாராவதால் இது கரும்புச் சர்க்கரையைவிடச் சுத்தமானது. ஒரு விவசாயி தன் குடும்பத்தை வைத்தே செய்துகொள்ளலாம், அடிமை தேவையில்லை என்று 1791ல் தாமஸ் ஜெபர்சனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் வாதாடினார்.

ஜெபர்சனுக்கும் இந்த யோசனை பிடித்துப்போயிற்று. மேப்பிள் சர்க்கரை வாங்கினார். 1791ல் கன்றுகளையும் வரவழைத்து வர்ஜீனியாவில் தன் மான்டிசெல்லோ பண்ணையில் நட்டார். பெரும்பாலானவை பட்டுப்போயின. அந்த மண்ணைக் கொத்திப் பாடுபட்டவர்கள் யார்? ஜெபர்சனின் அடிமைகள். தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர் அவர். அடிமை கைபடாத சர்க்கரையை அடிமைகளை வைத்தே வளர்க்கப் பார்த்தார் என்பதுதான் உண்மை.

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுனை நிறுவிய வில்லியம் கூப்பரும், பிலடெல்பியாவின் க்வேக்கர் வணிகர் ஹென்றி டிரிங்கரும் பெரிய அளவில் மேப்பிள் சர்க்கரை தயாரிக்க முயன்றார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

கணக்கு உதைத்த இடம்

நோக்கம் நல்லது, ஆனால் லாப நட்டக் கணக்கு ஒத்துவரவில்லை. மேப்பிள் கன்று நட்டால் சாறு இறக்கச் சுமார் 30, 40 வருடம் காத்திருக்க வேண்டும். கரும்பு ஒன்றரை வருடத்துக்குள் வெட்டுக்கு வந்துவிடும். மேப்பிளுக்குப் பருவம் சில வாரம்தான், வானிலை மாறினால் அதுவும் போச்சு. காய்ச்ச மலைபோல் விறகு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரே நின்ற போட்டியாளர் கூலியே கொடுக்காதவர். கூலி இல்லாத சரக்கோடு விலையில் போட்டி போட யாரால் முடியும்?

1796ல் வெளியான அமெலியா சிம்மன்ஸின் சமையல் நூல், அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் அமெரிக்கச் சமையல் நூல் என்று கருதப்படுகிறது. அதில் கல்லில் சுடும் மக்காச்சோள அடை உண்டு. மக்காச்சோள மாவில் செய்யும் ஜானி கேக்குக்கு அதில் சொல்லப்படும் இனிப்பு மொலாசஸ், அதாவது கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு. பிரசுரங்கள் ஒன்று சொல்ல, அடுப்பங்கரை வேறொன்று செய்தது.

பிறகு நடந்தது

மேப்பிள் அழியவில்லை. வெர்மான்ட் போன்ற வட மாநிலங்களில் வீட்டுச் சர்க்கரையாகத் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சர்க்கரை மலிந்தபோது, அது பான்கேக் மேல் ஊற்றும் விலை உயர்ந்த பாகாக மாறிவிட்டது. இன்று உலக உற்பத்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் கனடாவின் கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது.

பான்கேக்கை அடிமை முறையின் நிழலும் விடவில்லை. 1889ல் வந்த 'ஆன்ட் ஜெமைமா' பான்கேக் மாவு, சிரித்த முகத்துக் கறுப்பினச் சமையல்காரியை அடையாளமாக வைத்து விற்றது. 1893 சிகாகோ கண்காட்சியில் அந்த வேடத்தில் பான்கேக் சுட்டுக் கொடுத்த நான்சி கிரீன், அடிமையாகப் பிறந்தவர். அந்தப் பெயர் கைவிடப்பட்டது 2021ல்தான்.

பிரிட்டிஷ் காலனிகளில் 1834ல் அடிமைத்தளை அறுந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் கப்பலேறினார்கள். 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது மதராஸிலிருந்துதான். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரை பாரதியார் பாட்டிலேயே பதிவு செய்தார்.

"இயற்கை இனிப்பு" என்று இன்று புட்டியின் மேல் எழுதியிருப்பது, அந்த இனிப்பு எதிலிருந்து வந்தது என்று மட்டுமே சொல்கிறது. பாக்ஸ் கேட்ட கேள்வி வேறு: அது யாருடைய உழைப்பில் வந்தது, அவர்களுக்கு என்ன கிடைத்தது? அவரைப் படித்துச் சர்க்கரையை விட்டவர்களின் தேநீர் கசந்திருக்கும். ஆனாலும் அந்தக் கேள்வி வீண்போகவில்லை. 1807ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்டது, 1833ல் அடிமை முறையையே ஒழிக்கச் சட்டம் இயற்றியது. மேப்பிள் மரம் தோற்ற இடத்தில், கேள்வி ஜெயித்தது.