ஒரே யந்திரம், இரு தொழில்கள்

விளையாட்டு வண்டியினுள் இருக்கும் சிறிய மின்சார மோட்டாரை மாணவர் பலரும் பார்த்திருப்பீர்கள். மின்கலத்தோடு இணைத்தால் அது சுழலும். மின்கலத்தை நீக்கிவிட்டு அச்சைக் கையால் விரைந்து சுழற்றினால் என்ன நிகழும்? அதனோடு இணைத்த வோல்ட்மீட்டரின் முள் நகரும், மோட்டாரே டைனமோவாகிவிடும். எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை உலகம் பயன்கொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன.

1821-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றி வருவதைக் காட்டினார். 1831-இல், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தகட்டைச் சுழற்றி மின்னோட்டத்தை உண்டாக்கினார். முன்னது மோட்டாரின் வித்து. பின்னது டைனமோவின் வித்து. ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகிய இவை தனித்தனியே வளர்ந்தன. 1838-இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் யாக்கோபி என்பார் மோட்டாரால் படகு செலுத்தினார். அதற்கு மின்சாரம் அளித்தவை மின்கலங்களே. அவற்றில் கரையும் துத்தநாகத்தின் விலையோ மிகுதி. நீராவி எஞ்சினோடு மோட்டார் போட்டியிட இயலவில்லை.

இரண்டும் ஒன்றே என்பதைக் கண்டவர் இல்லாமலில்லை. 1860-இல் யந்திரம் ஒன்றை அமைத்த இத்தாலியரான பச்சினொட்டி, அதனை இருவகையிலும் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அவர் எழுத்தைப் பொருட்படுத்தியோர் சிலரே.

1873-இல் வியன்னா நகரில் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே கிராம் என்பவர் அமைத்த டைனமோக்கள் வைக்கப்பட்டிருந்தன. அவருடைய கூட்டாளியான ஃபோந்தேன், ஒரு டைனமோவை எஞ்சினால் சுழற்றி, அதன் மின்சாரத்தை நீண்ட கம்பி வழியே மற்றொரு டைனமோவுக்குச் செலுத்தினார். இரண்டாவது யந்திரம் மோட்டாராகச் சுழன்று, நீரிறைக்கும் பம்பை இயக்கிற்று. தொழிலாளி ஒருவர் கம்பியைத் தவறாக இணைத்ததால் இது வெளிப்பட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கண்டோர் உணர்ந்தது ஒன்று: ஆற்றல் பிறக்கும் இடமும் பயன்படும் இடமும் வேறு வேறாக இருக்கலாம். மலையருவியின் வலிமை தொலைவிலுள்ள ஆலையை ஓட்டும் வழி அன்று புலனாயிற்று.

இதனால் மின்சாரம் விலையின்றிக் கிடைக்குமோ எனின், கிடையாது. மோட்டாரின் முனைகளில் விளக்கை இணைத்தவுடன் அச்சைச் சுழற்றுவது கடினமாவதைக் கையே உணரும். பிறக்கும் மின்னோட்டம் தன்னைப் பிறப்பிக்கும் இயக்கத்தைத் தடுக்கும் என்பது 1834-இல் லென்ஸ் வகுத்த விதி. நாம் செலுத்தும் உழைப்பே மின்சாரமாகிறது. அதிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும்.

அந்தத் தடையையும் மனிதன் பயனாக்கிக்கொண்டான். இன்றைய மின்சார ரயில்கள் பலவற்றில், வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார்களே டைனமோக்களாக மாறி வண்டியைத் தடுக்கின்றன. பிறக்கும் மின்சாரத்தை மீண்டும் மின்கம்பிக்கே அளிக்கின்றன. பச்சினொட்டியின் எழுத்து ஏட்டில் கிடந்தது. வியன்னாவில் கண்முன் நீர் பாய்ந்தபோதுதான் உலகம் விழித்தது. அறிந்த உண்மை செயலில் காட்டப்படும்போதே வலிமை பெறுகிறது.