தனித்துப் பழகிய தாண்டுகலை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில் அமைந்தது ஜுரு. தோட்டங்கள் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று நெடுஞ்சாலையும் கடைவரிசைகளும் மிகுந்துவிட்டன. வடிகால் தாண்டிப் பழகாத தோட்டத்துப் பிள்ளை அரிது. முதலில் குறுகிய இடத்தில் தாண்டுவான். அகன்ற இடத்தைப் பிறர் காணாத வேளையிலேயே முயல்வான். விழுந்தால் நகைப்பார் இலர் அன்றோ! பார்க்கூர் என்னும் தாண்டுகலையும் இத்தகைய தனிப்பயிற்சி ஒன்றினின்று தோன்றியதே.

கூரைவிட்டுக் கூரை பாயும் திரைப்படக் காட்சிகளைக் கண்டோர் அதனை வேடிக்கை வித்தை என்றே கொள்வர். அதன் வரலாறோ வேறு. அது வேர்கொண்ட இடம் பாரிசு அன்று. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாம். புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் சென்று குடியேறிய சைகோன் நகருக்கு வடகிழக்கே, மலைமீது உள்ளது டாலாட். அங்கிருந்த படைப்பள்ளியில், போரினால் குடும்பத்தைப் பிரிந்த சிறுவன் ஒருவன் வளர்ந்தான். 1939இல் பிறந்த ரேமோன் பெல் என்பான் அவன்.

வலியவர் மெலியவரை வருத்தும் சூழல் அது. அடிபட்டுக் கிடக்க ரேமோன் உடன்படவில்லை. ஏனையோர் உறங்கியபின் எழுந்து ஓடினான், மரம் ஏறினான், படைவீரர்க்குரிய தடைதாண்டு களத்தில் தன்னந்தனியே பழகினான். களத்தில் இல்லாத தடைகளைத் தானே வகுத்துக்கொண்டான்.

அத்தகைய களங்களுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1902 மே 8இல் மார்த்தினீக் தீவின் பெலே எரிமலை சான் பியேர் நகரை அழித்தது. அங்கே மீட்புப் பணியில் ஈடுபட்ட கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், உடல்வலியும் துணிவும் பிறர்க்கு உதவும் உள்ளமும் ஒருங்கே வளரவேண்டும் என்று கருதினார். ஓடல், தாண்டல், ஏறல், சுமத்தல், நீந்தல் முதலியவற்றைக் கொண்டு 'இயற்கை முறை' என்னும் பயிற்சியை அவர் வகுத்தார். பிரெஞ்சுப் படையின் தடைதாண்டு களங்கள் அதன்வழி வந்தவையே.

இப்பயிற்சியில் துணிவு வரும் வழி நோக்கத்தக்கது. தரையில் கோடிட்டு அதன்மேல் பிசகாது நிற்கப் பழகியபின்னரே குறுஞ்சுவர்; அதன்பின்னரே உயரம். முன்பாதம் ஊன்றி, முழங்கால் மடக்கி இறங்குவர். வேகம் மிகுந்தால் தோளின்மேல் புரண்டு எழுவர். தன் கால் எவ்வளவு தூரம் செல்லும் என்று அளந்தறிந்தவனுக்கு அச்சம் தானே குறைகிறது. சிலம்பத்திலும் கோல் சுழற்றுவதன்முன் காலடி பயிற்றுவதை நம் ஆசான்மார் மரபாகக் கொண்டனர். இருளில் துணையின்றிப் பழகுவது இடர்மிக்கது என்பதும் உண்மையே. ரேமோனுக்கு வேறு வழி இருந்ததில்லை.

1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றபின் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். பத்தொன்பதாம் அகவையில் பாரிசுத் தீயணைப்புப் படையிற் சேர்ந்தார். 1969 ஜனவரியில் நோத்ர் தாம் தேவாலயக் கோபுர உச்சியில் எவரோ கட்டிய வியட்காங் கொடியை அகற்ற, ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்டவர் அவரே. வியட்நாமிற் பிறந்தவர்க்கு வாய்த்த பணியைப் பாருங்கள்!

1973இல் பிறந்த அவர் மகன் டேவிட் பெல், தந்தையிடம் கேட்டறிந்தவற்றைப் பாரிசுக்குத் தெற்கேயுள்ள லீஸ் என்னும் ஊரின் சுவர்களிலும் படிகளிலும் பழகினார். படைவீரர் தடைவழியைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரினின்று, ஓர் எழுத்தை மாற்றிப் 'பார்க்கூர்' என்னும் பெயர் 1998இல் அமைந்தது. டேவிட் நடித்த 'பான்லியூ 13' என்னும் படம் 2004இல் வெளிவந்தது. பிரிட்டன் 2017இல் பார்க்கூரை விளையாட்டாக ஏற்றது. 1999இல் மறைந்த ரேமோன் இவற்றைக் காணவில்லை.