கொடுவாவோடு யாரைக் குடிவைப்பது?

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடும் இடத்தை ஒட்டி இருக்கிறது முகத்துவாரக்குப்பம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் உப்பைத் தள்ளிக்கொண்டு போகும். கோடையில் கடல் உள்ளே ஏறிக் கழியை உப்பாக்கும். இரண்டு தண்ணீருக்கும் பழகிய மீனே இங்கே நிலைக்கும். மடவை கூட்டமாகத் திரிந்து சேற்றுப் பாசியை மேயும். கொடுவா அதே மடவையின் குஞ்சுகளைத் துரத்தும். கழியில் தப்பி ஓட இடம் உண்டு. இதே மீன்களை நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்தால்?

கடல்மீனை வீட்டுக்குள் வளர்த்தவர்கள் எல்லோரும் முட்டி நின்ற கேள்வி அது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து அந்த ஆசை சென்னைக்கும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில், அதன் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் காலத்தில் திட்டமிடப்பட்டு, 1909 அக்டோபரில் மெரினா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

அன்றைய சென்னைவாசிகள் பாடம் செய்த உடல்கள் நிறைந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். மீன்காட்சியகம் செத்த காலேஜ் பெற்றெடுத்த உயிர் காலேஜ். வலையிலும் கூடையிலும் மட்டுமே பார்த்துப் பழகிய மீன், கண்ணெதிரே நீந்தியது. 1919இல் அது மீன்வளத் துறையின் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியக் குண்டுவீச்சு அச்சம் நகரைக் காலி செய்த 1942இல், மூடப்பட்டது. 

கடற்கரைக் காட்சியகத்துக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. வீட்டுத் தொட்டிக்கு அந்த வசதி கிடையாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 1960களில் பாக்கெட்டில் அடைத்த செயற்கைக் கடலுப்பு மேல்நாட்டுச் சந்தைக்கு வந்த பிறகுதான், கடலே பார்க்காத ஊர்களிலும் கடல்மீன் வளர்க்க முடிந்தது. அடுத்த சிக்கல் கழிவு. மீன் வெளியேற்றும் அம்மோனியா விஷம். அதைக் குறைந்த நச்சுள்ள நைட்ரேட்டாக மாற்ற நல்ல பாக்டீரியாக்கள் வடிகட்டியில் வேரூன்ற வாரக்கணக்கில் ஆகும். மீன் பெரிதாகப் பெரிதாகத் தீனியும் கழிவும் கூடும்.

உப்பு வந்ததும் வணிகம் பவளப்பாறையைத் தேடிப் போனது. இலங்கையில் ராட்னி ஜோங்க்லாஸ் போன்ற முக்குளிப்பாளர்கள் கடலுக்குள் இறங்கி வண்ணமீன் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். மீன் சேகரிப்பு பற்றிய அவருடைய நூல் 1975இல் வந்தது. பவளப்பாறை மீனின் அழகு கண்ணைப் பறிக்கும். அதன் வளர்ச்சி பலரை ஏமாற்றியது.

எம்பரர் ரெட் ஸ்னாப்பரின் குஞ்சு வெள்ளை உடலில் சிவப்புப் பட்டைகளோடு உள்ளங்கைக்குள் அடங்கும். முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைத் தாண்டும். எம்பரர் ஏஞ்சல் சிறுவயதில் கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடும், வளர்ந்தபின் மஞ்சள் கோடுகளோடும் இருக்கும். இந்தக் குஞ்சும் வளர்ந்த மீனும் வேறு வேறு இனம் என்றே ஒருகாலத்தில் அறிஞர்கள் பெயர் வைத்திருந்தார்கள். 40 செ.மீ. வரை வளரும் இந்த மீன் தன் எல்லைக்குள் இன்னொரு ஏஞ்சலைச் சகிக்காது. கிளாத்தியின் பல் நண்டையும் சிப்பியையும் உடைக்கும். களவா, தன் வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும். களவா இனத்திலேயே மிகப் பெரியதான ராட்சதக் களவாவும், கடல்குதிரையும், கல்பவளமும் 2001 முதல் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ஆகவே பெரிதாக வளரும் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது மூன்று: வளர்ந்தால் எவ்வளவு நீளம்? வாய் எவ்வளவு அகலம்? தன் இனத்தானோடு சேருமா, சண்டையிடுமா? நிறம் அதற்குப் பிறகுதான்.

இதற்குச் சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் முட்டுக்காடு நிலையத்தில் 1997இல், இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். முட்டை பொரிந்தபின் வந்தது அடுத்த சோதனை. கொடுவாக் குஞ்சு, தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள உடன்பிறப்பைக்கூட விழுங்கிவிடும். அதனால் சில நாளுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், கடையில் வாங்கிய அந்நியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதே நிறுவனம் பின்னாளில் சில்வர் மூனி, புள்ளி ஸ்காட் ஆகிய இரண்டு அலங்கார மீன்களையும் தொட்டியில் இனப்பெருக்கம் செய்தது. இரண்டும் கழிமுகத்து மீன்கள். தட்டுப்போல் அகன்ற வெள்ளி உடல் கொண்ட மூனி 25 செ.மீ. அளவுக்கு வளரும், ஸ்காட் அதைவிடப் பெரிது. இரண்டும் கூட்டமாக நீந்தும், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். ஏறக்குறைய ஒரே அளவில் ஐந்தாறை அகலமான தொட்டியில் விட்டால் வளர்ந்த பிறகும் ஒன்றாக வாழக்கூடியவை. பாறையில் பிடித்து விமானத்தில் ஏற்றிய மீனுக்கு வராத பொறுமை, முகத்துவாரத்து மீனுக்குப் பிறவியிலேயே உண்டு. கடலுப்புத் தொட்டி வைக்க விரும்பும் சென்னைக் குடும்பம் கண்ணெதிரே உள்ள இந்தச் செல்வத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்தச் செல்வத்தின் வீடு இன்று நெருக்கடியில் இருக்கிறது. எண்ணூர்க் கழியைச் சுற்றி அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் எழுந்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழியில் படர்ந்து, அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது. தொட்டித் தண்ணீர் கெட்டால் மாற்றலாம். கடலில் பொரிந்த கொடுவாக் குஞ்சும் மடவைக் குஞ்சும் இரை தேடி உள்ளே வருவதற்கு எண்ணூரில் இருப்பது முகத்துவாரக்குப்பத்தை ஒட்டிய அந்த ஒரே வாய்தான்.