அம்மையநாயக்கனூரில் சாத்திய கதவு

ரயிலில் கொடைக்கானல் போகிறவர்கள் இறங்குவது கொடை ரோடு ஸ்டேஷனில். இறங்கியதும் பஸ்ஸைத் தேடி ஓடுவோம். ஸ்டேஷன் இருக்கும் ஊரின் பெயர் அம்மையநாயக்கனூர் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 200 ஆண்டுகள் ஆண்ட மதுரை நாயக்க வம்சத்தின் கடைசி நம்பிக்கை விழுந்த இடம் அது!

கதை திருச்சியில் ஆரம்பிக்கிறது. 1732-ல் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் இறந்துபோக, அவர் மனைவி ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தாள். வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகன் விஜயகுமாரனை சுவீகாரம் எடுத்துக்கொண்டாள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பெற்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மகனுக்கு எதற்கு, தனக்கே சிம்மாசனம் வேண்டும் என்று கிளம்பினார். தளவாய் வேங்கடாச்சாரியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

பங்காளிச் சண்டை. வீட்டுக்குள் பேசித் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியின் மகன் சஃப்தர் அலியும், மருமகன் சந்தா சாகிப்பும் படையோடு வந்து நின்றார்கள். பங்காரு சஃப்தர் அலியைப் பிடித்தார். தீர்ப்பு அவர் பக்கம் போனது. ராணி விடுவாளா? சந்தா சாகிப்புக்கு ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொன்னாள். அந்தக் காலத்து ஒரு கோடி!

துரோகம் செய்யமாட்டேன் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தாராம் சந்தா சாகிப். பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, வெறும் செங்கல் என்று ஒரு கதை உண்டு. ராணி அவரைக் காதலித்தாள் என்று இன்னொரு கதையும் கட்டிவிட்டார்கள். ஒரு ராணி அரசியலில் ஏமாந்தால், அதைக் காதலாக்கிப் பேசுவதில் நம் ஜனங்களுக்கு ஒரு ருசி.

இதற்கிடையில் பங்காரு மதுரைப் பக்கம் ஒதுங்கினார். ராணிக்கும் அவருக்கும் பகை தணிந்தது. தெற்குச் சீமை அவர் கையில், திருச்சி இவள் கையில். கொஞ்சம் தாமதமாக வந்த புத்தி!

1736. சந்தா சாகிப் மறுபடி திருச்சிக்கு வந்தார். கோட்டைக்குள் விட்டார்கள். அவ்வளவுதான், அதிகாரம் கை மாறிவிட்டது. ராணி தன் அரண்மனையிலேயே கைதி. வெளியிலிருந்து ஒருவர் படையோடு வந்தால்தான் மீட்சி. அந்த ஒருவர் யார் தெரியுமா? அதே பங்காரு!

சந்தா சாகிப்புக்கும் இது தெரியும். அவர் படை திண்டுக்கல்லுக்கு நடந்தது. ஏன் திண்டுக்கல்? ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலை. நடுவே மதுரைக்கு இறங்கும் வழி. மதுரைக்கு அந்தப் பாறைக்கோட்டை வாசல்படி மாதிரி. கோட்டை விழுந்தது. அதற்குத் தெற்கே அம்மையநாயக்கனூர் சமவெளியில் பங்காரு எதிர்த்து நின்றார். தோற்றார். சிவகங்கைப் பக்கம் தப்பி ஓடினார். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் தன் சகோதரர்களையே அதிகாரியாக உட்காரவைத்தார் சந்தா சாகிப்.

திருச்சி அரண்மனைக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? ஒரு காலத்தில் எவனுடைய படை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளோ, அவன் தோற்றதும் அவளுக்கு எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. மீனாட்சி விஷம் குடித்தாள். நாயக்கர் ஆட்சி அதோடு முடிந்தது.

சந்தா சாகிப்பை மட்டும் காலம் சும்மா விட்டதா? 1741-ல் மராட்டியர்கள் அதே திருச்சியில் அவரைப் பிடித்து சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோனார்கள். மீண்டு வந்தவரின் தலை 1752-ல் வெட்டப்பட்டது.

செங்கல் கதை நிஜமோ பொய்யோ, போகட்டும். சத்தியம் வாங்க வெளியாளைத் தேடிப் போகவேண்டிய நிலைமை எப்படி வந்தது? அண்ணன் தம்பி வழக்கில் மூன்றாம் மனுஷனை நடுவீட்டில் உட்காரவைத்த எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.