மரத்தளத்தின் கதை: வெயில், அமிலம், நஞ்சு

அமெரிக்கப் புறநகர் வீடுகளின் பின்புறத்தில் பலகை பாவிய மேடை ஒன்றைக் காணலாம். அதற்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. தூண்களின் மேல் உத்திரமிட்டு, மழைநீர் வடிவதற்காகப் பலகைகளுக்கு இடையே சிறு சந்து விட்டு ஆணி அடித்திருப்பார்கள். கப்பலின் மேல்தளத்தைக் குறிக்கும் 'டெக்' என்ற சொல்லே இதற்கும் பெயராயிற்று. இந்த மேடையை உடையவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மூன்று வேலைகள் செய்கிறார்கள். முதலில் பழைய பூச்சைக் காரக் கரைசலால் உரிக்கிறார்கள். அடுத்து ஓர் அமிலத்தைப் பூசிக் கழுவி மரத்தைத் துலக்குகிறார்கள். மரம் நன்கு காய்ந்த பிறகு சாய எண்ணெயைப் புதிதாகப் பூசுகிறார்கள்.

ஒரு மேடைக்கு இத்தனை பாடா என்று நீங்கள் கேட்கலாம். இந்த மூன்று வேலைகளுக்கும் பின்னால் இருநூறு ஆண்டு வேதியியலும், சிறிது இயற்பியலும், இந்தியர் ஒருவரின் கண்டுபிடிப்பும் இருக்கின்றன. அந்தக் கண்டுபிடிப்பு மரத்தைக் காத்தது. பின்னர் அச்சத்தையும் கிளப்பியது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

வெயில் செய்யும் வேலை

திறந்தவெளியில் கிடக்கும் எந்த மரமும் நாளடைவில் சாம்பல் நிறம் அடைவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டு வண்டியின் பழைய நுகத்தடியும், தோட்டத்து வேலிக் கம்பும் அப்படித்தான் வெளுத்துப் போகின்றன. இது அழுக்கு அன்று. மரத்தின் ஒரு பகுதியே அழிந்து போனதன் அடையாளம் இது.

மரத்தில் முக்கியமான இரு பொருள்கள் உள்ளன. செல்லுலோஸ் நார்களாக நீண்டு கிடக்கிறது. அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது லிக்னின். செல்லுலோஸைக் கம்பியாகவும் லிக்னினைச் சிமெண்டாகவும் எண்ணிக்கொண்டால் மரம் ஒரு வகைக் கான்கிரீட் எனலாம். லிக்னின் என்ற பெயரை 1813இல் வழங்கியவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலார் கண்டோல். 1838இல் பிரான்சு நாட்டு வேதியியலார் ஆன்செல்ம் பாயன் மரத்திலிருந்து செல்லுலோஸைப் பிரித்துக் காட்டினார்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒளி ஃபோட்டான் என்னும் துணுக்குகளாக வருகிறது. 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் அளந்த அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். நிலத்தை எட்டும் புற ஊதாக் கதிர்களில் மிகக் குறுகியவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர். எனவே அவற்றின் ஆற்றல் 4.1 எலக்ட்ரான் வோல்ட். வேதியியலார் வழங்கும் அலகில் இது மோலுக்கு 400 கிலோஜூல் ஆகும். இரு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை முறிக்க 350 கிலோஜூல் அளவே போதும். செல்லுலோஸ் இக்கதிர்களைப் பெரிதும் ஏற்பதில்லை. லிக்னினோ ஆவலுடன் விழுங்குகிறது, விழுங்கிச் சிதைகிறது. சிதைந்த துண்டுகள் நீரில் கரையும். அடுத்த மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். எஞ்சுவது வெளிறிய செல்லுலோஸ் நார். அதன் மேல் கருநிறப் பூஞ்சைகள் குடியேறும்போது அது சாம்பல் நிறமாகத் தோன்றுகிறது.

புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஊடுருவும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இந்த அரிப்பு மெதுவாகவே நடக்கிறது. ஊசியிலை மரங்கள் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தேய்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வெயில் ஓர் அரம் என்றால், அது மிகவும் பொறுமையான அரம். ஆனால் மரத்துக்கு வேறொரு பகையும் உண்டு. அதற்குப் பொறுமை இல்லை.

அழுகலும் ரயில் பாதையும்

மரத்தை அழுகச் செய்பவை பூஞ்சைகள். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அவை செழிப்பதில்லை. ஈரம் மிகுந்தால் சில ஆண்டுகளிலேயே உத்திரம் உளுத்துவிடும்.

இந்தப் பகையை முதலில் நேரில் கண்டவர்கள் கப்பல் கட்டியோர். தேக்கு மரத்தில் இயற்கையாகவே எண்ணெயும் பூஞ்சையை எதிர்க்கும் பொருள்களும் உள்ளன. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் அது. கப்பல் தளத்தைத் துலக்குவதற்கு மாலுமிகள் கையாண்டது மென்மையான மணற்கல். மணலும் நீரும் இட்டு முழந்தாளிட்டுத் தேய்ப்பார்கள். அந்தக் கல்லுக்கு அவர்கள் வேடிக்கையாக இட்ட பெயர் 'புனிதக் கல்'. சாம்பல் நிற மேற்பரப்பைச் சுரண்டிப் புதிய மரத்தை வெளிக்கொணரும் முறை இது. வெயில் நூறாண்டில் செய்யும் தேய்மானத்தை மாலுமிகள் மிக விரைவில் செய்து முடித்தார்கள்!

எல்லா மரமும் தேக்காகிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் பரவியபோது ஸ்லீப்பர் கட்டைகள் இலட்சக்கணக்கில் தேவைப்பட்டன. கிடைத்தவையோ எளிதில் உளுக்கும் பைன் வகை மரங்கள். 1832இல் கியான் என்பவர் மரத்தைப் பாதரச குளோரைடு கரைசலில் ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் சித்த மருத்துவர்கள் 'வீரம்' என்று சொல்லும் கொடிய நஞ்சு அது. 1838இல் பர்னெட் துத்தநாக குளோரைடை முன்மொழிந்தார். ஆனால் அது மழையில் கரைந்து போயிற்று.

அதே 1838இல் ஜான் பெத்தெல் கண்ட வழி நிலைத்தது. அவர் பயன்படுத்திய பொருள் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெய். அவருடைய வெற்றிக்கு அந்த எண்ணெயைவிட அதை மரத்துக்குள் செலுத்திய முறையே காரணம். மரத்தை ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்து முதலில் காற்றை வெளியேற்றினார். மரத்தின் நுண்குழாய்களில் இருந்த காற்றும் வெளியேறிற்று. பிறகு எண்ணெயை உள்ளே விட்டு, ஏறத்தாழ 10 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கொடுத்தார். மேலே பூசியிருந்தால் தோலோடு நின்றிருக்கும் எண்ணெய் இப்போது மரத்தின் உட்புறம்வரை சென்றது. இன்றும் தொழிற்சாலைகள் கையாளும் முறை அடிப்படையில் இதுவேயாகும்.

டேராடூனில் பிறந்த கலவை

கிரியோசோட் பூசிய மரம் கரியது, நாற்றமடிப்பது, கையில் ஒட்டுவது. ஸ்லீப்பருக்கு அது பொருந்தும். மனிதர் அமரும் இடத்துக்குப் பொருந்தாது. இதற்கு விடை டேராடூனில் கிடைத்தது. அங்குள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் இந்திய அறிஞர் 1933இல் ஒரு புதிய கலவையை உருவாக்கினார். அதில் மூன்று பொருள்கள் இருந்தன: மயில்துத்தம் என்னும் தாமிர சல்பேட், ஓர் ஆர்சனிக் சேர்மம், ஒரு டைகுரோமேட் உப்பு. ஆர்சனிக்கின் குறியீட்டையும் தாமிரத்தின் குறியீட்டையும் சேர்த்து 'ஆஸ்கு' என்று இதற்குப் பெயரிட்டார்கள். 1938இல் இது அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது.

இந்தக் கலவையின் நுட்பத்தைக் கவனியுங்கள். தாமிரம் பூஞ்சையைக் கொல்லும். தாமிரத்துக்கு அஞ்சாத பூஞ்சைகளையும் கரையானையும் ஆர்சனிக் பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் நீரில் கரையும் உப்புகள். மழை வந்தால் பர்னெட்டின் துத்தநாகம் போலக் கழுவப்பட்டுவிடுமே? அதைத் தடுப்பதுதான் குரோமியத்தின் வேலை. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மரத்தோடு வினைபுரிந்து மூன்று இணைதிறன் கொண்டதாக மாறும்போது, தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் எளிதில் கரையாத சேர்மங்களாக மரத்துக்குள் பூட்டிவிடுகிறது. கரைசலாக உள்ளே சென்றது கல்லாக உள்ளே தங்கிவிட்டது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் புறநகர்கள் பெருகின. வீட்டுப் பின்புற மேடைகளும் பெருகின. கலிபோர்னியாவில் ரெட்வுட் போன்ற நீடித்து உழைக்கும் மரங்கள் கிடைத்தன. மற்ற இடங்களில் மலிவான பைன் மரத்துக்குக் காமேசத்தின் கலவையே உயிர் கொடுத்தது. 1970களிலிருந்து இளம்பச்சைச் சாயல் கொண்ட இந்தப் பலகைகள் மேடைகளாகவும், வேலிகளாகவும், குழந்தைகளின் விளையாட்டு ஏணிகளாகவும் நின்றன.

சாயம் ஏன், வண்ணம் ஏன் இல்லை?

நஞ்சு அழுகலைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. கதவுக்கு அடிக்கும் எண்ணெய் வண்ணத்தை மேடைக்கும் அடித்தால் என்ன? அது தோல்போல் படியும். நனையும்போது மரம் உப்பும், காயும்போது சுருங்கும். வண்ணத் தோலில் வெடிப்பு விழுந்து அதன் வழியே நீர் புகும். புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். முடிவில் தோல் செதில் செதிலாக உரியும்.

1910இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் அமெரிக்க அரசு நிறுவிய வனப்பொருள் ஆய்வுக்கூடம் 1950களில் இதற்கு ஒரு மாற்று கண்டது. ஆளிவிதை எண்ணெய், சிறிது பாரஃபின் மெழுகு, ஒரு பூஞ்சைக்கொல்லி, இரும்பு ஆக்சைடு நிறமி ஆகியவை சேர்ந்த ஊடுருவும் சாயம் அது. எண்ணெய் மரத்துக்குள் இறங்கிக் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும். மெழுகு நீரை விரட்டும். செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு புற ஊதாக் கதிர்களை விழுங்கி லிக்னினைக் காக்கும். சுவீடன் நாட்டு மக்கள் ஃபாலுன் சுரங்கத்துச் சிவப்பு மண்ணைக் கம்பு மாவோடு காய்ச்சி மரவீடுகளுக்குப் பூசி வந்ததும் இதே தத்துவந்தான். நிறமி இல்லாத கண்ணாடி போன்ற எண்ணெய் அழகாக இருக்கும். ஆனால் வெயிலுக்கு அது திறந்த சன்னல்.

காரமும் அமிலமும்

சாயமும் நாளடைவில் தேய்ந்து திட்டுத் திட்டாகும். அதன் மேல் புதிதாகப் பூசினால் ஒட்டாது. ஆகவே முதலில் உரிக்க வேண்டும். சோடியம் ஹைடிராக்சைடு போன்ற காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும். சற்று மென்மையான வேலைக்குச் சோடியம் பெர்கார்பனேட் உதவுகிறது. அது நீரில் கரைந்து சலவைச் சோடாவாகவும் ஹைடிரஜன் பெராக்சைடாகவும் பிரியும்.

உரித்த மரம் அழகாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். காரம் பட்ட மரம் கறுத்துவிடும். ஆணித் தலைகளைச் சுற்றிக் கருநீலக் கறைகளும் தெரியும். இந்தக் கறையின் இரகசியம் நம் பாட்டனாருக்குத் தெரியும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து அவர்கள் மை காய்ச்சினார்கள் அல்லவா? கடுக்காயிலுள்ள டானினும் அன்னபேதியிலுள்ள இரும்பும் சேர்ந்ததுதான் அந்தக் கருமை. மரத்திலும் டானின் உண்டு. ஆணியில் இரும்பு உண்டு. மழை இரண்டையும் சேர்த்துவைக்கிறது. மேடை தனக்குத் தானே மை காய்ச்சிக்கொள்கிறது!

இந்த மையை அழிப்பது ஆக்சாலிக் அமிலம். 1776இல் ஷீலே சர்க்கரையையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு இதைத் தயாரித்தார். 1824இல் வோலர் சயனோஜனிலிருந்து இதைப் பெற்றார். நம் வயல் வரப்பில் முளைக்கும் புளியாரையின் புளிப்பும் இதே அமிலத்தால் வருவதுதான். ஆக்சாலேட் அயனி டானினிடமிருந்து இரும்பைப் பறித்துக் கரையும் சேர்மமாக மாற்றுகிறது. கறை நீரோடு போய்விடுகிறது. கூடவே மரத்தில் எஞ்சிய காரத்தையும் அமிலம் நடுநிலையாக்குகிறது. இதைத்தான் துலக்குதல் என்கிறார்கள். புளியாரை உணவானாலும், செறிந்த ஆக்சாலிக் அமிலம் நஞ்சு என்பதை மறக்கலாகாது. கையுறையும் கண்ணுறையும் இன்றியமையாதவை.

பூட்டைத் திறக்கும் சாவி

இங்கேதான் நம் வரலாறு ஒரு முடிச்சில் வந்து நிற்கிறது. குரோமியம் போட்ட பூட்டு முழுமையானது அன்று என்பது காலப்போக்கில் தெரியவந்தது. பச்சைப் பலகையின் மேற்பரப்பிலிருந்து ஆர்சனிக் சிறிது சிறிதாகக் கசிந்தது. அதன் மீது விளையாடிய குழந்தைகளின் கைகளில் ஒட்டியது. கை வாய்க்குப் போனது. மேடையின் கீழுள்ள மண்ணிலும் சேர்ந்தது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உற்பத்தியாளர்கள் வீட்டுப் பயன்பாட்டிற்கான இம்மரத்தைக் கைவிட இசைந்திருப்பதாக அறிவித்தது. 2003 டிசம்பர் 31க்குப் பின் வீடுகளுக்கென மரத்தில் இக்கலவையை ஏற்றுவது பெரும்பாலும் நின்றது. ஆர்சனிக் இல்லாத தாமிரக் கலவைகள் அந்த இடத்துக்கு வந்தன.

ஆனால் முன்பே கட்டிய மேடைகள் பல இன்னும் நிற்கின்றன. அவற்றைத் துலக்கினால் என்ன ஆகும்? இரும்பைப் பறிக்கும் அதே ஆக்சாலிக் அமிலம் தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் குரோமியத்தையும் கரைத்து எடுக்கவல்லது. பழைய மரத்திலிருந்து இந்த உலோகங்களைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் அந்த அமிலத்தையே பயன்படுத்தியிருக்கிறார்கள். சலவைத்தூள் போன்ற வெளுப்பான்கள் மூன்று இணைதிறன் குரோமியத்தை மீண்டும் கொடிய ஆறு இணைதிறன் குரோமியமாக மாற்றக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நஞ்சு தூளாகப் பறக்கும். பலகையை எரித்தால் சாம்பலில் ஆர்சனிக் எஞ்சும். மரம் எவ்வளவு பளிச்சென்று ஆகிறதோ, அவ்வளவு நஞ்சு மண்ணுக்கு இறங்குகிறது என்று பொருள்.

அப்படியானால் இத்தகைய மேடையை என்ன செய்வது? கடுமையான காரத்தையும் அமிலத்தையும் தவிர்த்து, சோப்பு நீரால் மென்மையாகக் கழுவி, ஊடுருவும் சாயத்தை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூசிவருவதே தக்கது. அந்தப் பூச்சு கைகளில் ஒட்டும் ஆர்சனிக்கின் அளவைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டின. அழகுக்காகத் தொடங்கிய சாயப்பூச்சு இவ்வாறு குழந்தைகளின் காப்பாகவும் ஆயிற்று.

காமேசத்தின் கலவையைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது ஒவ்வொரு கட்டையின் ஆயுளையும் பல மடங்கு நீட்டி, அதன் வழியே கணக்கற்ற மரங்களை வெட்டுக்குத் தப்பவைத்தது என்பதையும் மறக்க வேண்டாம். தந்திக் கம்பத்துக்கு ஏற்ற மருந்து விளையாட்டு ஏணிக்கு ஏற்றதா என்ற கேள்வி பிந்திக் கேட்கப்பட்டது; அவ்வளவுதான். ஆகவே வெளுத்த மரத்தைப் புதுப்பிக்க விரும்புவோர் அமிலக் குப்பியைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த மரம் எப்படி மின்னும்?' என்பது அன்று. 'இந்த மரத்துக்குள் என்ன இருக்கிறது?' என்பதேயாகும்.