ஸ்டால் வேகமும் தென்னாற்காட்டு ஓடுதளமும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் பிரயாணம் செய்வோருள், இரண்டாம் உலக யுத்த காலத்தில் உளுந்தூர்ப்பேட்டையருகே அமைந்த விமானத் தளத்தை அறிந்தோர் சிலரே. அக்காலத்தில் தென்னாற்காடு ஜில்லாவிலும், 1993-க்குப் பின் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய அந்த நெடிய ஓடுதளம் ஏன் வேண்டியிருந்தது என்ற வினாவுக்கு, யுத்தத்தின் அவசரம் என்பது பாதி விடையே. எஞ்சிய பாதி விமானச் சிறகின் இயல்பில் அடங்கியிருக்கிறது.

வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறையுமாயின் சிறகு விமானத்தைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. அவ்வெல்லையே ஸ்டால் வேகம். சிறகின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமக்கும் பாரத்தின், அதாவது சிறகுப் பாரத்தின், வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது உயரும். மிகக் குறுகிய திருப்ப வட்டத்தின் ஆரமோ அப்பாரத்துக்கு நேர் விகிதத்திலேயே பெருகும். 60 பாகை சாய்ந்து உயரம் குன்றாமல் திரும்பும் விமானம் தன் எடையைப் போல் இரு மடங்கு சுமப்பதால், அதன் ஸ்டால் வேகம் 1.41 மடங்காகிறது.

யுத்த ஆரம்பத்தில் சென்னைக் கடற்கரையைக் காவல் புரிந்த வாபிட்டி என்ற இரட்டைச் சிறகு விமானம், சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோவே சுமந்தது. புல்தரையே அதற்குப் போதுமாயிருந்தது. ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம் சுமந்ததோ ஏறக்குறைய 145 கிலோ. ஆகவே, சிறகுகளின் அமைப்பு ஒன்றே எனக் கொண்டால், அதன் ஸ்டால் வேகம் வாபிட்டியினதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அவ்வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு இன்னும் நீண்ட தளம் வேண்டியதாயிற்று.

1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பை ஜப்பானியர் தாக்கியபோது, சிறகுப் பாரத்தின் வித்தியாசம் உயிர்களை விலையாகக் கேட்டது. ஜப்பானியரின் ஜீரோ விமானத்தின் சிறகுப் பாரம் சுமார் 107 கிலோவே ஆதலால், அதனோடு வட்டமிட்டுப் போரிட முயன்ற ஹரிக்கேனுக்கு மூன்றிலொரு பங்கு பெரிய வட்டம் வேண்டியிருந்தது. வட்டத்தின் உட்புறத்தை எதிரி எளிதில் கைப்பற்றினான். எனினும் ஜீரோவை எல்லா வகையிலும் மேலானதென்று புகழ்வது என் கருத்தில் தவறு. அதிவேகத்தில் அதன் பக்கச் சாய்வுப் பலகைகள் இறுகிப்போகும். விமானி அமர்ந்த இடத்துக்குக் கவசமில்லை. எண்ணெய்த் தொட்டிகளுக்கும் காப்பில்லை. இலேசாகத் திரும்பும் திறமையை அந்த விமானம் விமானியின் பாதுகாப்பை ஈடுவைத்தே பெற்றது.

நம் பிரதேசத்துக் கோடையையும் இக்கணக்கில் சேர்த்தாக வேண்டும். 40 பாகை வெப்பத்தில், 15 பாகைக்குரிய காற்றைவிட அடர்த்தி சுமார் 8 சதவிகிதம் குறைவதால், தரையிறங்கும் மெய் வேகம் 4 சதவிகிதமும், திருப்ப வட்டம் ஏறக்குறைய 9 சதவிகிதமும் கூடிவிடுகின்றன. இங்கிலாந்தின் குளிர்காற்றில் பெற்ற அளவுகளை விழுப்புரத்துச் சித்திரை வெயிலுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

1945 ஜூன் மாதம் செட்டிநாட்டிலும் மதுரையிலும் இரு பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவுகள் பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் 14-ஆம் ரகம் சுமார் 170 கிலோ சிறகுப் பாரம் உடையது. முந்திய 5-ஆம் ரகத்தைவிடப் பெரிய வட்டத்திலேயே திரும்பியது. ஆயினும் 2,000 குதிரைத் திறனைத் தாண்டிய கிரிஃபன் இயந்திரத்தின் வன்மையால் மேலேறியும் பாய்ந்தும், போரிடும் முறையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை அது பெற்றது. வட்டத்தின் குறுமையைவிட இவ்வுரிமையே பெரிதென்பது அந்த யுத்தம் அளித்த தீர்ப்பு.

திண்டிவனம், விழுப்புரம் கல்லூரிகளில் பௌதிகமும் சரித்திரமும் பயிலும் மாணவர்கள் உளுந்தூர்ப்பேட்டைத் தளத்தை நேரில் அளந்து, அக்காலத்தை நினைவுகூரும் முதியோரின் சொற்களையும் சேர்த்துக் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்ய முன்வர வேண்டும்.